களியாட்டும் கடமையும்

(சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கற்றறிந்த பெரியோர் பலர் வீற்றிருக்கும் இச்சபையிலே, பட்டப்படிப்பை இன்னும் முடித்திராத எம்போன்றோர் பேச எழுவது துணிவுதான். ஆயினும், "கடல் கடந்து படிக்கப் போனவர்கள் கண்டதை ஊருக்கு வந்து சொல்லவேண்டாமா?" என்று செயலாளர் அவர்கள் கேட்டார்கள். கேட்டதோடு நில்லாது, பேசும் பொருளையும் எம்மிடமே விட்டுவிட்டார்கள். சமயச் சொற்பொழிவுகளைக் கேட்டுப் பழகிய இச்சபையிலே நாம் இன்று ஒரு களியாட்ட விழாவைப் பற்றிப் பேசப்போகின்றோம். பெரியோர்கள் முகஞ்சுளியாது சற்றுச் செவிசாய்க்குமாறு வேண்டுகின்றோம். பேச்சின் முடிவு நம்மூர் வீதிக்கே வந்து சேரும் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கின்றோம்.

களியாட்ட விழா என்றதும் நம்மவர் மனத்திலே எழும் காட்சி யாது? பாடசாலை மைதானத்தைச் சுற்றித் தகர வேலி, வாயிலிலே ரிக்கற், உள்ளே இராட்டினம், மரணக் கிணறு, வளையம் எறிதல், அதிட்டச் சீட்டு, இரவு பத்து மணிக்கு மின்விளக்கு அணைந்ததும் வீடு திரும்புதல். நாம் சொல்லப்போகும் விழாவுக்கு வேலியும் இல்லை, வாயிலும் இல்லை, ரிக்கற்றும் இல்லை. இலண்டன் மாநகரின் மேற்குப் பகுதியிலே, நொட்டிங் ஹில் என்னும் இடத்திலே, ஓகஸ்ட் மாதக் கடைசி ஞாயிறும் அதனை அடுத்த விடுமுறைத் திங்களும் அது நடைபெறும். இரு நாளிலும் ஏறத்தாழப் பத்து இலட்சம் மக்கள் தெருவிலே திரள்வர் என்பர்.

மிஷன் பாடசாலையிலே கற்ற எமக்கு இச்சொல்லின் வரலாறு சிறிது தெரியும். இயேசுவின் பாடுகளை நினைந்து கிறித்தவர் நாற்பது நாள் நோன்பு இருப்பர். அந்தத் தவக்காலம் சாம்பற் புதனன்று தொடங்கும். நோன்புக்கு முன்னே, இறைச்சிக்கு விடைகொடுத்து உண்டு களிக்கும் நாட்களுக்கே ஐரோப்பியர் 'கார்னிவல்' என்று பெயரிட்டனர். ஆனால் நொட்டிங் ஹில் விழா ஓகஸ்ட் மாதத்திலே வருகின்றது. தவக்காலமோ மாசி பங்குனியை ஒட்டியது. தவக்காலத்து விழா ஓகஸ்ட் மாதத்துக்கு இடம்பெயர்ந்தது எவ்வாறு என்பதிலேதான் கதையே இருக்கின்றது.

நிற்க. முதலில் நாம் கண்டதைச் சொல்வோம்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26ஆந் திகதி சனிக்கிழமை மாலை, விடுதி மாணவர் நால்வர் புறப்பட்டோம். எம்முடன் கற்கும் மாணவர் ஒருவர் மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த திரினிடாட்டிலிருந்து வந்த குடும்பத்தவர். "விழாவைப் பார்ப்பதானால் சனிக்கிழமையே வாருங்கள், ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைத்தான் பார்ப்பீர்கள், சனிக்கிழமை உழைப்பைப் பார்ப்பீர்கள்" என்று அவர்தாம் எம்மை அழைத்தார். அன்று மாலை ஒரு சிறு பூங்காவிலே இசையணிகளின் போட்டி. பாணர் என்றே சொல்லத்தக்க அந்தக் கலைஞர்கள் வாசித்த கருவிக்கு 'ஸ்டீல் பான்' என்பது பெயர். நாம் உருக்கு மேளம் என்று சொல்லிக்கொள்வோம்.

உருக்கு மேளம் எதனாலானது தெரியுமா? எண்ணெய் அடைத்து வரும் பெரிய தகரப் பீப்பாயினால் ஆனது. பீப்பாயின் அடித்தட்டைப் பாரிய சுத்தியலால் அடித்தடித்துக் கிண்ணம்போற் குழிக்கின்றார்கள். குழிந்த தட்டிலே சுரத்துக்கு ஓர் இடமாக எல்லை வகுத்து, அந்தந்த இடத்தை வேறாகப் புடைத்து எடுக்கின்றார்கள். பின்னர் பக்கச் சுவரை வேண்டிய அளவுக்கு அறுத்து, நெருப்பிலே வாட்டி, சிறு சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்க்கின்றார்கள். பக்கம் குறுகியது மேல்தாயிச் சுரம் பேசும். முழுப் பீப்பாயாகவே விட்டது கீழ்க்குரல் கொடுக்கும். முனையிலே இறப்பர் சுற்றிய குச்சிகளால் வாசிக்கின்றார்கள். ஓர் அணியிலே எண்பது தொண்ணூறு பேர் நின்று வாசித்ததைக் கண்டோம். பள்ளிச் சிறுமியும் நரைத்த தலையரும் பக்கத்திற் பக்கத்தில் நின்றார்கள். எவர் முன்னும் இசைத்தாள் இல்லை, மனப்பாடமே துணை. எம் நண்பர் பல மாதங்களாக மாலைதோறும் பயிற்சிக்குப் போனவர். சோதனைக் காலத்திலும் அவர் அதனை விட்டாரில்லை.

மறுநாள் ஞாயிறு. அருகிலுள்ள ரெயில் நிலையம் விழாவுக்காக மூடப்பட்டிருந்தமையால் பாடிங்ரன் நிலையத்திலிருந்து நடந்தே போனோம். வீதியின் இருமருங்கும் வெள்ளைச் சுதை பூசிய மாடமாளிகைகள். கதவுகளையும் யன்னல்களையும் பலகையால் அடைத்துவிட்டு வீட்டுக்காரர் பலர் வெளியூர் போயிருந்தனர். வேறு சிலரோ படிக்கட்டிலே கதிரை போட்டுக் குடும்பத்தோடு அமர்ந்திருந்தனர். பலகைகளிலே சிறுவர் ஓவியம் தீட்டியிருந்தனர்.

ஞாயிறு சிறுவர்க்கு உரிய நாள். வண்ணத்துப்பூச்சியின் சிறகு பூண்ட சிறுமியர். தலையிலே சூரியனைச் சுமந்த சிறுவர். தம் உயரத்தின் இருமடங்கு அகலமுள்ள இறகுகளை இழுத்துக்கொண்டு நடந்த மழலைகள். பின்னாலே தாய்மார் தண்ணீர்ப் போத்தலும் ஊசியும் நூலுமாய் ஓடினர். சிறகு கழன்றால் தெருவிலேயே குந்தியிருந்து தைத்தனர். காவடி எடுக்கும் பிள்ளையின் பின்னே விசிறியும் செம்புத் தண்ணீருமாய்ப் போகும் நம்மூர்த் தாய்மாரை அக்காட்சி நினைவூட்டியது. இவ்வுடைகளை அணிகள் தமக்கென வைத்திருக்கும் கூடங்களிலே பல மாதங்களாகத் தைப்பார்களாம். தைப்பவர்களிற் பலர் பகலிலே பஸ் ஓட்டுபவர்கள், தாதியர், ஆசிரியர்.

பிற்பகல் மூன்று மணி. முப்பதுக்கு மேற்பட்ட இடங்களிலே சுவர்போல் அடுக்கப்பட்ட ஒலிபெருக்கிகள் முழங்கிக்கொண்டிருந்தன, நெஞ்செலும்பு அதிர்ந்தது. திடீரென்று எல்லாம் ஓய்ந்தன. ஆடியவர்கள் நின்றார்கள். பொலிசார் தொப்பியைக் கழற்றினார்கள். எழுபத்திரண்டு வினாடி அவ்வீதியிலே ஒரு குழந்தையின் அழுகை தவிர வேறு ஒலியில்லை. 2017ஆம் ஆண்டு ஜூன் 14ஆந் திகதி, அவ்விழா வீதிக்கு அண்மையிலுள்ள கிறென்வெல் மாடிக்குடியிருப்பு தீப்பற்றி எரிந்து எழுபத்திரண்டு பேர் மாண்டனர். உயிர் ஒன்றுக்கு ஒரு வினாடி. அதன்பின் மேளம் மீண்டும் ஒலித்தது. ஒழுங்கற்ற களியாட்டம் என்று பத்திரிகைகள் எழுதும் கூட்டம், சொன்ன கணத்திலே மௌனம் காத்ததை நாம் கண்ணாற் கண்டோம்.

திங்கட்கிழமை பெரியோர்க்கு உரிய நாள். ஏறத்தாழ ஐந்து கிலோமீற்றர் வீதியிலே லொறிகள் ஆமைபோல் ஊர, அவற்றின் பின்னே வேடம் பூண்ட அணிகள் ஆடிவந்தன. பிளந்த பீப்பாய்களிலே இறைச்சி சுடும் புகை எங்கும். மரக்கறி உண்ணும் எமக்கு வயிற்றுக்கு வழி என்ன என்று தேடியபோது, திரினிடாட் மூதாட்டி ஒருவரின் கடையைக் கண்டோம். பொரித்த மெல்லிய ரொட்டி இரண்டினிடையே கடலைக் கறி. 'டபிள்ஸ்' என்பது அதன் பெயர். வாயிலே வைத்ததும் சீரகமும் மஞ்சளும் நம் வீட்டை நினைவூட்டின. எங்கிருந்து வந்தீர்கள் என்று அவர் கேட்டார், சொன்னோம். அவருடைய பாட்டனாரின் பாட்டனார் சென்னைத் துறையிலே கப்பல் ஏறியவராம். ஊர்ப்பெயர் மறந்துபோயிற்று, மொழியும் போயிற்று, 'மதறாசி' என்ற ஒரு சொல்லும் இந்தக் கறியுமே குடும்பத்திலே எஞ்சினவாம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அந்தச் சொல்லின் பின்னாலே நீண்ட சரித்திரம் உண்டு. திரினிடாட்டிலே கரும்புத் தோட்டங்களை வைத்திருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கத் துரைமார் தவக்காலத்துக்கு முன்னே முகமூடி நடனம் ஆடிக் களித்தனர். தோட்டத்திலே உழைத்த ஆபிரிக்க அடிமைகளுக்கு அங்கே இடமில்லை. பிரித்தானியப் பேரரசிலே அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1834 ஓகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது. 1838இல் முழு விடுதலை கிட்டியது. விடுதலை பெற்றவர்கள் முதலிற் செய்தவற்றுள் ஒன்று, பந்தங்களும் மேளங்களுமாய்த் தெருவுக்கு இறங்கியது. துரையின் விழாவைத் தம் விழாவாக்கினர். ஆட்சியாளர் பொறுப்பரோ? 1881இல் பொலிசாருக்கும் மக்களுக்கும் தெருவிலே கைகலப்பு மூண்டது. அதையடுத்துத் தோல் மேளத்துக்கும் தடை வந்தது. மக்கள் மூங்கிற் குழாய்களைத் தரையிலே குத்தித் தாளம் எழுப்பினர். பின்னர் 1930களிலே பிஸ்கற் தகரமும் குப்பைவாளி மூடியும் கருவிகளாயின. உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளிலே எண்ணெய்ப் பீப்பாயிலே சுரம் பிறந்தது. நாம் சனிக்கிழமை கேட்ட இன்னிசை, பறிக்கப்பட்ட மேளத்தின் மறுபிறப்பு.

அடிமைகள் விட்டுப்போன கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. அதற்காகவே 1845 முதல் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாக நம் மக்களைக் கப்பலேற்றினர். அதே நூற்றாண்டிலேதான் தமிழகத்து ஏழைமக்கள் நம் நாட்டின் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாய் வந்தனர். நாம் நொட்டிங் ஹிலிலே நின்ற அதே 2023ஆம் ஆண்டு, அதே ஓகஸ்ட் மாதத்திலே, மலையகத்தார் வந்து இருநூறு ஆண்டு நிறைவை நினைந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடைபயணம் சென்றதை நீங்கள் அறிவீர்கள். மூதாட்டி காசு வாங்க மறுத்ததன் பொருள் இப்போது விளங்கும்.

இனி இலண்டன் கதை. இரண்டாம் உலகப்போருக்குப் பின் பிரித்தானியாவிலே தொழிலாளர் பஞ்சம். 1948 ஜூன் மாதம் 'எம்பயர் வின்ட்றஷ்' என்னும் கப்பல் மேற்கிந்தியர் பலரைக் கொண்டுவந்து இறக்கியது. மேலும் பல கப்பல்கள் தொடர்ந்தன. பஸ் ஓட்டவும் நோயாளரைப் பராமரிக்கவும் அவர்கள் தேவைப்பட்டனர். ஆனால் குடியிருக்க அறை கேட்டால் கதவு சாத்தப்பட்டது. இன்று கோடீசுவரர் வாழும் நொட்டிங் ஹில் அன்று இடிந்த வீடுகள் நிறைந்த ஏழைப் பகுதி. ஓர் அறைக்கு ஒரு குடும்பமாக அங்கே நெருங்கி வாழ்ந்தனர். 1958 ஓகஸ்ட் இறுதியிலே வெள்ளை இளைஞர் கூட்டங்கள் அவர்களைத் தெருத்தெருவாய்த் துரத்தித் தாக்கின. அடுத்த ஆண்டு மே மாதம், அன்ரிகுவாவைச் சேர்ந்த கெல்சோ கொக்றேன் என்னும் தச்சுத் தொழிலாளி அதே பகுதியிலே கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டார். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. அவருடைய இறுதி ஊர்வலத்திலே கறுப்பரும் வெள்ளையருமாய் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் நடந்தனர்.

அத்தகைய நாட்களிலே குளோடியா ஜோன்ஸ் என்னும் அம்மையார் ஒருவர் இருந்தார். திரினிடாட்டிலே பிறந்து அமெரிக்காவிலே வளர்ந்து, அரசியற் கொள்கைக்காகச் சிறைப்பட்டு, 1955இல் நாடு கடத்தப்பட்டு இலண்டன் சேர்ந்தவர். 1958இலே மேற்கிந்தியர்க்கென ஒரு பத்திரிகையைத் தொடங்கினார். கலவரத்தின் காயம் ஆறாத 1959 ஜனவரி 30ஆந் திகதி, சென் பங்கிறஸ் நகர மண்டபத்திலே அவர் ஒரு களியாட்ட விழா நடத்தினார். மாரிக்காலக் குளிர் ஆகையால் மண்டபத்தினுள்ளே. அவ்விழாவின் மலர் விற்பனையில் ஒரு பகுதி, கலவரத்திலே தண்டம் விதிக்கப்பட்ட இளைஞர்களுக்கு உதவுவதற்கு ஒதுக்கப்பட்டது. கறுப்பு இளைஞருக்கு மட்டுமன்று, வெள்ளை இளைஞருக்குங்கூட! அவர் 1964இல் மறைந்தார். ஹைகேற் இடுகாட்டிலே கார்ல் மார்க்சின் கல்லறைக்கு அருகே அவருடைய கல்லறை இருக்கின்றது. ஹைகேற் முருகன் கோயிலுக்குப் போகும் நம்மவர்கள் ஒருநாள் அங்கும் சென்று ஒரு மலர் வைத்து வரலாம்.

மண்டபத்து விழா தெருவுக்கு வந்தது 1966இல். றோன் லஸ்லெற் என்னும் சமூக சேவகி நொட்டிங் ஹில் குழந்தைகளுக்காக ஒரு தெருவிழா எடுத்தார். பலநாட்டு மக்களும் வாழ்ந்த பகுதி ஆகையால் எல்லோருக்கும் இடம் வைத்தார். அங்கே உருக்கு மேளம் வாசிக்க வந்த றஸல் ஹென்டர்சன் குழுவினர் ஓரிடத்தில் நில்லாது, மேளத்தைத் தோளிலே மாட்டிக்கொண்டு தெருவிலே நடந்தனர். சனம் பின்னே நடந்தது. இன்று பத்து இலட்சம் பேர் நடக்கும் வழி அப்படித் திறந்ததுதான். 1970களிலே லெஸ்லி பாமர் என்னும் ஆசிரியர் அதனைப் பெருவிழாவாக வளர்த்தார். கோடை விடுமுறையிலே வீதியில் நடக்கும் விழாவாகையால் அது ஓகஸ்ட் மாதத்துக்கே உரியதாயிற்று.

இவ்விழாவிலே குறையே இல்லையோ என்று பெரியோர்கள் கேட்கலாம். உண்டு. 1976இலே இளைஞருக்கும் பொலிசாருக்கும் பெரும் மோதல் நடந்து, நூற்றுக்கு மேற்பட்ட பொலிசார் காயமுற்றனர். கத்திக்குத்தும் உயிரிழப்பும் நேர்ந்த ஆண்டுகள் உள. நெரிசலிலே மக்கள் நசுங்கிவிடுவரோ என்ற அச்சம் ஆண்டுதோறும் எழுகின்றது. அண்மைய ஆண்டுகளிலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 பொலிசார் காவல் நிற்கின்றனர். 2025இலே பாதுகாப்புச் செலவுக்குப் பணம் போதாது அமைப்பாளர்கள் அரசாங்கத்தை நாட, நகர நிர்வாகங்கள் உதவியே விழா நடந்தது. குடித்துவிட்டு அடுத்தவர் வாயிற்படியை அசுத்தஞ் செய்பவர்களையும் நாம் கண்டோம். அணிகளின் உடைகளிலே சில நம்மூர்க் கண்ணுக்குப் பொருந்தா என்பதையும் மறைக்கவில்லை.

"வீதியை விட்டுப் பூங்காவுக்குக் கொண்டுபோங்கள்; வேலி போடுங்கள்" என்று சொல்வோர் இதனால் அங்கே பலர். எம் நண்பரிடம் இதைப்பற்றிக் கேட்டோம். "எந்தத் தெருவிலே எங்கள் பாட்டன்மாரைத் துரத்தினார்களோ, அந்தத் தெருவிலேதான் நாங்கள் ஆடவேண்டும். பூங்காவிலே ஆடினால் அது வெறும் ஆட்டம்" என்றார் அவர். ஆனால் அவர் இன்னொன்றும் சொன்னார்: வருபவர்களிற் பெரும்பாலோருக்கு இக்கதை தெரியாது, கதை தெரியாதவன் குடிக்க மட்டுமே வருவான், கதை தெரிந்தவன் தைக்கவும் கூட்டவும் வருவான் என்று. விழா பிழைப்பதும் அழிவதும் அவ்விருவரில் எவர் தொகை பெருகும் என்பதைப் பொறுத்தது என்பது அவருடைய கவலை. அந்தக் கவலையையே நாம் உங்களிடம் கொண்டுவந்திருக்கின்றோம்.

அன்பர்களே! ஓகஸ்ட் மாதத்திலே இலண்டன் வீதியில் ஊர்வது நொட்டிங் ஹில் லொறி மட்டுமன்று. மேற்கு ஈலிங்கிலே ஸ்ரீ கனகதுர்க்கை அம்மனின் தேரும் அம்மாதத்திலே வீதிவலம் வருகின்றது. பொலிசார் போக்குவரத்தை மறிக்க, நம்மவர் அந்நியத் தெருவிலே தேங்காய் உடைத்து வடம் பிடிக்கின்றனர். அந்த உரிமை வானத்திலிருந்து விழுந்ததன்று. நிறம் பார்த்து ஒதுக்குவதைத் தடுக்கும் முதற்சட்டம் பிரித்தானியாவிலே 1965இல் வந்தது. வீட்டுக்கும் தொழிலுக்கும் அது 1968இல் விரிந்தது. நமக்கு முன்னே சென்று அடிவாங்கி, செத்து, ஆடி, பாடி அத்தெருவைத் திறந்துவைத்தவர்கள் மேற்கிந்தியர்கள். நம் தேர் ஓடும் வழியிலே அவர்களுடைய காலடியும் இருக்கின்றது.

அங்கே திறந்த தெருவிலே தேர் இழுக்கும் நாம், இங்கே நம் தெருவை எவ்வாறு வைத்திருக்கின்றோம்? இக்கேள்வியை வேறெவரிடமும் கேட்கமுடியாது. நம்மை நாமே கேட்கவேண்டும்.

உருக்கு மேளத்தின் கதை இன்னும் முடியவில்லை. தொடக்கத்திலே அதனைச் சேரி முரடரின் சத்தம் என்று திரினிடாட்டின் மேன்மக்கள் இகழ்ந்தனர். மேளம் அடிக்கும் முற்றத்துக்குப் போன பிள்ளைகளைப் பெற்றோர் அடித்தனர். 1951இலே அந்நாட்டு வாத்தியக் குழு இலண்டன் பெருவிழாவிலே வாசித்தது, இங்கிலாந்தார் வியந்தனர். 1992இலே அது அந்நாட்டின் தேசிய வாத்தியம் என்று அறிவிக்கப்பட்டது. 2023இலே ஐக்கிய நாடுகள் சபை ஓகஸ்ட் 11ஐ அதற்குரிய உலக நாளாக்கியது. இகழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அதனைக் கற்க வரிசையில் நிற்கின்றனர்.

நம்மிடம் பறை இருக்கின்றது. தொல்காப்பியர் நிலத்துக்கு நிலம் கருப்பொருள் வகுத்தபோது தெய்வத்தோடும் உணவோடும் பறையையும் சேர்த்து வைத்தார். மலைநாட்டிலே அதன் உறவான தப்பு, விடியற்காலையிலே தொழிலாளரைப் பிரட்டுக்கு எழுப்பியது. காமன் கூத்துக்கும் அதுவே உயிர். இத்தகைய கருவியை நாம் என்ன செய்தோம்? சாவீட்டுக்கு மட்டும் அழைத்தோம். அடித்தவரை வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். காசைக் கையிலே கொடாது தரையிலே வைத்தோம். திருநாளைப்போவார் நாயனார் கோயிற் பேரிகைக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுத்தார் என்று பெரியபுராணம் படித்து உருகுகின்றோம். தோல் உள்ளே போயிற்று; கொடுத்தவர் வெளியே நின்றார். 1968ஆம் ஆண்டிலே மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே உள்ளே போக நம்மவர் நின்றதையும், நம்மவரே மறித்ததையும் இச்சபையிலுள்ள முதியோர் சிலர் நேரிலேயே கண்டிருப்பர். குருபூசை நாளிலே நாயனாருக்கு மாலை சூட்டும் கை, அவர் வழிவந்த கலைஞருக்குக் கதிரை எடுத்துப்போடக் கூசலாமா?

பெரியோர்களைக் குறைசொல்ல இதனைச் சொல்லவில்லை. பழையதை மாற்றப் பாடுபட்ட பெரியோரும் நம்மிடையே இருக்கின்றனர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் இளைஞர் பலர் பறையைக் கையில் எடுத்துவிட்டனர். இது இளைஞராகிய நம் தலைமுறையின் வேலை என்பதற்காகவே சொல்கின்றோம். சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கின்றோம்.

ஒன்று: வருகின்ற ஆண்டிலே பறை தெரிந்த முதியவர் ஒருவரை ஆசானாக அழைத்து, பொன்னாடை போர்த்தி, முன்வரிசையிலே இருத்தி, உறுப்பினர்க்கு மாலை வகுப்பு நடத்துவோம். கற்பவர்களிலே எல்லாத் தெருப் பிள்ளைகளும் இருக்கட்டும். கட்டணம் வேண்டாம், ஆசானுக்குத் தக்க சம்பளம் சங்கம் கொடுக்கட்டும்.

இரண்டு: திருவிழாக் காலத்திலே ஒலிபெருக்கி வாடகைக்குச் சேர்க்கும் பணத்திலே பாதியைத் தண்ணீர்ப்பந்தலுக்கும் துப்புரவுக்கும் ஒதுக்குவோம். நொட்டிங் ஹிலிலே திங்கள் இரவு தொடங்கும் கூட்டும் வேலை இரவிரவாய் நடக்கும்; அள்ளும் குப்பையோ நூற்றுக்கணக்கான தொன். நம் வீதியைக் கூட்ட நாம் வேறொரு சாதியாரைத் தேட வேண்டியதில்லை. விளக்குமாறு பிடிக்கும் கை தேர்வடமும் பிடிக்கும்.

மூன்று: திருவிழாவின் ஒரு நாளைச் சிறுவர்க்கே விடுவோம். இக்கோயில் எப்படி வந்தது, இவ்வீதி யார் யாருக்கு மூடியிருந்தது, எவர் திறந்தார் என்பதை அன்று அவர்களுக்குச் சொல்லுவோம். இனிப்பான பகுதியை மட்டும் சொல்லவேண்டாம், முழுவதையும் சொல்லுவோம்.

இவை பெருஞ்செலவு வேண்டுபவை அல்ல. மனம் வேண்டும், மாலைப் பொழுது வேண்டும். தலைவர் அவர்கள் இவ்வேண்டுகோள்களை வரும் நிருவாக சபைக் கூட்டத்திலே எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கின்றோம். முதல் வகுப்பிலே முதல் மாணவராகப் பெயர் பதிவு செய்ய நாம் ஆயத்தமாய் இருக்கின்றோம்.